ஐந்தாம் தாள்

கமலாசனி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தும்படி எங்கள் சட்டத்தரணியின் காதில் ஓதியவன் நான்தான். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. கண்டியில் அந்தச் சட்டத்தரணியின் கந்தோரில் நான் லிகிதர், அக்கா தட்டெழுத்தர். மஹய்யாவவிலிருந்து நடந்து வருவார். அறுபது வயது. விரல் நுனி மூட்டுகள் புளியங்கொட்டை போலப் புடைத்து, விரல்கள் கோணியிருந்தன. மூட்டுத் தேய்வு மாறாது, சமாளிக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவும் சமாளித்தார். பேனையில் துணி சுற்றித் தடிப்பாக்கியிருந்தார். போத்தல் மூடியை உள்ளங்கையால் திருகுவார். காலையில் வந்ததும் பேசினில் சுடுதண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கைகளை வைத்திருப்பார். அந்தப் பத்து நிமிடமும் எனக்கு எரிச்சலாக வரும்.

மார்கழி மழையில் ஒருநாள் ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து வேலாயி என்ற தாய் வந்தார். பஸ் நிலையச் சுற்றிவளைப்பில் அவருடைய மகன் இராமையாவைப் பிடித்து இராணுவ முகாமில் வைத்திருந்தார்கள். மறுநாள் கொழும்புக்கு ஏற்றப்போகிறார்களாம். அங்கே போனால் ஆளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அவனை விடச்சொல்லி அன்றைக்கே மனு போகவேண்டும். நாலு பிரதி அதிகாரிகளுக்கு, ஐந்தாவது தாய்க்கு.

ஐந்து தாளையும் இடையில் நாலு கார்பனையும் ஒன்றாகத் தட்டச்சு மெஷினில் ஏற்றினால், ஓங்கி அடித்தால்தான் கடைசித் தாளில் எழுத்து விழும். தாயின் தாள் மங்கினாலும் எங்கள் கந்தோரில் யாரும் கவலைப்படுவதில்லை.

"நாலு தெளிவா விழுந்தாக் காணும் அக்கா. உங்கட கையைப் பாருங்கோ."

"முகாம் கேற்றில நிக்கப்போறது அவ, ராசா. அவவின்ர தாள்தான் தெளிவா இருக்கவேணும்."

மேசை லாச்சியிலிருந்து அழிறப்பர் பூட்டிய இரண்டு பென்சில்களை எடுத்தார். துணி சுற்றிய அவற்றைக் கைக்கொன்றாகப் பிடித்து, றப்பர் முனையால் எழுத்துகளைக் குத்தினார். விரல்கள் அசையவில்லை. வலு தோளிலிருந்து இறங்கியது. இரண்டு பக்கம், முக்கால் மணித்தியாலம், ஒரு பிழை இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் இந்த மனுசியை நான் பார்க்கவேயில்லை என்று அப்போதுதான் விளங்கியது. முடிந்ததும் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தது நான். பிறகு சட்டத்தரணியிடம் போய், முன்பு சொன்னது என் பிழை என்றேன்.

வேலாயி தன் தாளை ஜன்னலடியில் பிடித்துப் பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா எழுத்து நல்லாத் தெரியுதுங்க."

மறுநாள் பின்னேரம் மகனோடு வந்தார். மனு எதுவும் வந்துசேரவில்லை என்றுதான் முகாமில் சொன்னார்களாம். நாலு பிரதியும் எந்த மேசைகளில் கிடந்தனவோ. வாகனம் புறப்படும் நேரத்தில் இவர் கேற்றில் நின்று தன் தாளை நீட்டியிருக்கிறார். ஓர் அதிகாரி அங்கேயே நின்று கடைசி வரிவரை வாசித்து, அங்கத்தைய ஆள்தானா என்று தோட்டத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, இராமையாவை இறக்கிவிட்டிருக்கிறார்.

அக்கா அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ரெண்டாம் பக்கம் கொஞ்சம் மங்கல்தான்."

இராமையா அவருடைய கைகளைப் பற்றப்போனான்.

"அமுக்காதடா, அந்தம்மாவுக்கு வலிக்கும்" என்றார் வேலாயி.

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினான். அக்கா தன் கைகளை அவற்றின்மேல் வைத்தார்.