நம்பர் பிளேட்

விமானப்படையில் ஒரு வழக்குச்சொல் உண்டு. ஸ்குவாட்ரன் எனும் போர் விமானப் பிரிவு ஒன்றைக் கலைத்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துவைப்பதை 'நம்பர் பிளேட் பண்ணுவது' என்பார்கள். என்றைக்காவது புது விமானங்கள் வந்தால் அந்த எண்ணைத் தூசி தட்டிக் கொடுப்பார்களாம்.

எங்கள் ஸ்குவாட்ரனுக்கு அந்தக் கதி வந்ததைப் பழைய சகா ஒருவர் போனில் சொன்னார். அதியமான்கோட்டை வீட்டில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி, என்ன விஷயம் என்றாள். சொன்னேன்.

"நம்பர் பிளேட்டு மாத்தறதுக்கா இப்படி இடிஞ்சுபோய் உக்காந்துட்டீங்க? பைபாஸ் கடையில குடுத்தா ஒடனே ஒட்டிக் குடுத்துருவாங்க."

வேறொரு நாளென்றால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அன்று எரிந்து விழுந்தேன். பாவம், நான் எல்லையில் கிடந்த காலமெல்லாம் ஊரில் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவள், அவளுக்கு எப்படித் தெரியும்?

எதிரி விமானம் எல்லைப் பக்கம் தலைகாட்டினால் முதலில் மேலே போக வேண்டியவர்கள் எங்கள் ஆட்கள். நான் சேர்வதற்கு முன்பே ஒரு போரைப் பார்த்த ஸ்குவாட்ரன் அது. நான் தரையில் விமானத்தைத் தயார் செய்பவன். விமானியை இருக்கையில் உட்காரவைத்து வார்களை மாட்டிவிடுவதும் என் வேலைதான். நான் லீவில் கிளம்ப இருந்த சமயம், நான் வார் மாட்டிவிடும்போது ஒரு இளம் விமானி இந்தியில் விளையாட்டாக மிரட்டினார்: "உங்கள் ஊர் மாம்பழம் இல்லாமல் திரும்பி வந்தால் உள்ளே விடமாட்டேன்."

அன்றே பருந்து மோதி அவர் விமானம் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

விமானிகள் அறையில் அவர் படத்தை மாட்டினார்கள். ஒவ்வொரு லீவும் முடிந்து மொரப்பூரில் ரயிலேறும்போது என் கையில் மாம்பழப் பை இருக்கும். ஒரு பழம் படத்துக்குக் கீழே, மீதி எல்லாருக்கும். ஓய்வு பெற்ற பிறகு பார்சலில் அனுப்பினேன். அவரைப் பார்த்தே இராத பையன்கள் பழத்தை வைத்துவிட்டுப் போன் செய்வார்கள். அவரைப் பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவரை நினைக்க அந்த அறை ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"படம் என்ன ஆச்சு?" என்று சகாவிடம் கேட்டேன். பெட்டியில் போட்டு எங்கோ அனுப்பிவிட்டார்களாம். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. இத்தனை பேர் உயிரைக் கொடுத்து என்ன கண்டோம் என்று மனம் விட்டுப்போனது.

இந்த வருடமும் மாம்பழம் வந்தது. மனைவி பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கிவிட்டு, பேனாவோடு வந்து நின்றாள்.

"நம்பரு மட்டும் இருக்குதுன்னீங்கல்ல, அதையே எழுதி அனுப்பிரலாங்களா?"

வாங்க அங்கே ஆளில்லை என்றேன். அவள் பேனாவை மூடிவைத்தாள். பெட்டி கூடத்திலேயே இருக்கிறது, பழம் அழுகும் வாடை வருகிறது, எடுத்துக் கொட்ட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.