பூட்டு சார் நம்பிய ஒரே பிரிவு

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புத் துறைத் தலைவரை வாசல் காவலர் முதல் எம்.டி. வரை எல்லோரும் ‘பூட்டு’ என்றே குறிப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே என்றால் ‘பூட்டு சார்’. பதவிக்குரிய மரியாதையை யாரும் குறைத்ததில்லை.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. கணினிகளில் பென் டிரைவ் செருகும் துளைகளையெல்லாம் பசை ஊற்றி அடைத்த மனிதர் அவர். அந்த உற்சாகத்தில் எம்.டி.யின் கணினியில் மவுஸ் செருகும் துளையும் அடைபட்டுப் போக, எம்.டி. சில காலம் அம்புக்குறி விசைகளை மட்டும் தட்டித் தட்டி நிறுவனத்தை நடத்தினார். லாபம் குறையவில்லை என்பது வேறு விஷயம். இணையத்தில் வானிலை பார்க்க விரும்புகிறவர் காரணம் எழுதி மனுப் போட வேண்டும். அனுமதி வருவதற்குள் மழை பெய்து, ஓய்ந்து, தரையும் காய்ந்திருக்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த உலகத்தில் ஏஐ வந்து சேர்ந்தது. போட்டி நிறுவனங்கள் எல்லாம் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதைப் பார்த்து எம்.டி.க்கும் கை பரபரத்தது. பூட்டு சார் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். நம்மிடம் இருப்பது ஜனங்களின் நோய்நொடி; யாருக்கு எந்த உறுப்பில் என்ன கோளாறு என்பதை முன்பின் தெரியாத ஓர் இயந்திரத்திடம் கொட்டினால் அது எங்கே போய் யாரிடம் உளறும் என்று யார் கண்டது என்றார். நியாயமான கேள்விதான். நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்ததால்தான் அவரைக் கண்டால் யாருக்கும் ஆகவில்லை. அலுவலக இணையத்தில் அத்தனை ஏஐ தளங்களையும் ஒன்று விடாமல் அடைத்தார்.

அந்தக் கட்டடத்தில் அவருக்கென்று இருந்த ஒரே ஜீவன் கிளைம் பிரிவின் தலைவி. எல்லோருக்கும் அவர் அக்கா. பூட்டு சார் உணவறைக்குள் நுழைந்தால் மற்ற மேசைகளில் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அக்கா மட்டும் பக்கத்து நாற்காலியில் இருக்கும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “வாங்க தம்பி, இன்னிக்கு எதை அடைச்சீங்க?” என்பார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத பூட்டு சாருக்கு அந்தத் ‘தம்பி’யில் பாதி வயிறு நிறைந்துவிடும்.

தளங்களை அடைத்த பிறகு ஓர் அதிசயம் நடந்தது. மற்ற பிரிவுகள் முனகிக்கொண்டிருக்க, கிளைம் பிரிவு மட்டும் பறந்தது. வாரக்கணக்கில் தூங்கிய மருத்துவமனைக் கோப்புகள் அன்றன்றைக்கே சுருங்கி, தெளிவாகி, முடிவாகி வெளியேறின. கவனம் சிதறாவிட்டால் மனித மூளை என்னவெல்லாம் சாதிக்கும் என்று மேலிடக் கூட்டத்தில் பூட்டு சார் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். பக்கத்தில் அமர்ந்திருந்த அக்கா, வேண்டிய இடங்களில் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் தந்த தெம்பில் பூட்டு சார் வாயை விட்டார்: கிளைம் பிரிவு ஏஐ இல்லாமல் ஓடவில்லை என்றால் இந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன்.

“அப்ப நேர்லயே பாத்துடலாமே,” என்று எம்.டி. எழுந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரம் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். முன்னால் ஓடிப் போகவும் பார்த்தார். லிஃப்ட் கதவு எம்.டி.யோடு சேர்த்து அவரையும் உள்ளே அடைத்துக்கொண்டது.

கிளைம் பிரிவில் எம்.டி.யின் தலை தெரிந்ததும் மேசைக்கு மேசை கைபேசிகள் குப்புறப் படுத்தன. வேறு கிளையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு குமாஸ்தா மட்டும் படுக்கவைக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடியே செய்கிற உத்தமர். ஒரு கோப்பை முடித்துக் காட்டச் சொன்னார்கள். திரையில் ஒரு நோயாளியின் அறிக்கையைத் திறந்தார். கைக்குட்டையால் கைபேசியின் லென்ஸைத் துடைத்தார். பக்கம் பக்கமாகத் திரையைப் படமெடுக்க ஆரம்பித்தார்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நிழல் விழுது,” என்றார் பூட்டு சாரிடம்.

பூட்டு சார் தள்ளி நின்றார். படங்களை விழுங்கிய கைபேசி ஏஐ, கண் இமைக்கும் நேரத்தில் நோய் என்ன, செலவு ஏன், தரலாமா கூடாதா என்று அழகாக எழுதிக் காட்டியது. குமாஸ்தா அதைப் பார்த்துக் கணினியில் தட்டினார். முடிந்தது.

இப்படிச் செய்ய யார் சொன்னது என்று கேட்ட குரல் பூட்டு சாருக்கே தன் குரலாகத் தெரியவில்லை.

“அக்காதான் சார் சொல்லிக்குடுத்தாங்க. ஆபீஸ் நெட்ல பண்ணவே கூடாது, சொந்த போன்ல, சொந்த டேட்டாலதான் பண்ணணும், அது உங்க பாதுகாப்பு விதின்னு.”

உண்மையில் ஒரு விதியும் மீறப்படவில்லை. அடைத்த துளை அடைத்தபடியே இருந்தது. பூட்டிய தளம் பூட்டியபடியே இருந்தது. ஊர் ஜனங்களின் ஈரலும் சிறுநீரகமும் மட்டும் படம் படமாக வெளியே போய்க்கொண்டிருந்தன.

பூட்டு சார் உணவறையில் அக்காவைத் தனியாகப் பிடித்தார்.

“ஏன்க்கா?”

“உங்ககிட்டதானே தம்பி முதல்ல கேட்டேன். விஷயம் வெளிய போகாம உள்ளுக்குள்ளேயே ஓடற மாதிரி ஏஐ ஒண்ணு வாங்கித் தாங்கன்னு. கேக்கும்போதெல்லாம் பரிசீலிக்கிறேன்னீங்க. ஃபைல் என் தலை உயரத்துக்கு நின்னுச்சு.”

“சரி. நான் அப்படிப் பேசும்போது பக்கத்துல உக்காந்து தலையாட்டினீங்களே.”

“உங்களை நம்பித்தான் ஆட்டினேன்.”

“என்னை நம்பியா?”

“நீங்க நெட்டைத்தான் பாப்பீங்க, எங்க பக்கம் வந்து மனுஷங்க என்ன பண்றாங்கன்னு ஒருநாளும் பாக்க மாட்டீங்கன்னு.” அக்கா கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டம்மா ஆபரேஷன் ஃபைல் அன்னிக்கு சாயங்காலமே எப்படி முடிஞ்சுதுன்னு நினைச்சீங்க? அப்ப என்னைக் கையெடுத்துக் கும்பிட்டீங்க.”

அதற்குள் எம்.டி. இருவரையும் அழைத்தார். எம்.டி.யின் முகத்தில் கோபம் இல்லை. கல்யாணக் களை இருந்தது. இவ்வளவு பெரிய பாதுகாப்பு ஆபத்து வந்துவிட்ட பிறகு, பாதுகாப்பான ஏஐ ஒன்றை உடனடியாக வாங்குவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று கண்டுபிடித்திருந்தார். மற்றத் திட்டங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். அதற்கொரு குழு, களத்தில் அனுபவம் இருப்பதால் தலைமை அக்காவுக்கு. பூட்டு சார் நாற்காலியை விடுகிறேன் என்று ஆரம்பித்ததும், அதெல்லாம் எதற்கு என்று உட்காரவைத்தார். ஒரே ஒரு சின்ன உதவி: இதுவரை நடந்தது பூட்டு சாரின் சம்மதத்தோடு நடந்த சோதனை ஓட்டம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அக்கா எம்.டி.யின் பக்கத்தில் நின்று, வேண்டிய இடங்களில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பூட்டு சார் அந்த வரியை எழுதவில்லை. தன் அறைக்குப் போனார். தகவல் கசிந்தால் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அந்தச் செய்தியை அனுப்பும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு இன்னும் இருந்தது. உங்கள் மருத்துவ விவரங்கள் எங்கள் ஊழியர்கள் வழியாக வெளியே போய்விட்டன, வருந்துகிறோம் என்று எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பினார். அடியில் தன் சொந்தப் பெயரைப் போட்டார். ராஜினாமாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். அந்த வாடிக்கையாளர்களில் ஒருவருக்காவது நேரில் சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுகச் சொற்களை அடுக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து செய்தி வந்ததா என்று பூட்டு சார் கேட்டார்.

“வந்துச்சுங்க. எவனோ ஏமாத்துக்காரன். உங்க பேரையே போட்டிருக்கான், என்ன தைரியம் பாருங்க. அதுக்குள்ள கம்பெனியிலேருந்தே இன்னொரு மெசேஜ் வந்துடுச்சு. முன்னாடி வந்தது போலி, உங்கள் பாதுகாப்பு கருதி உடனே அழிச்சிடுங்கன்னு. அழிச்சிட்டேன்.”

பூட்டு சார் செருப்பைக் கழற்றாமல் நின்றார். முதலில் வந்ததுதான் நிஜம், அதை அனுப்பியது நான்தான் என்றார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மடித்த துணியை ஓரமாக வைத்தார். எதற்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கைபேசியை எடுத்தார்.