லேஸ் கடை மாடியில் ஒரு வாட்ச் கம்பெனி

கைக்கடிகாரம் செய்கிறவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு: எதிரில் வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மணிக்கட்டைப் பார்த்துவிடுவோம். கல்யாண வீட்டில் "மாப்பிள்ளை எப்படி?" என்று கேட்டால், "ஸ்ட்ராப் ஒரு ஓட்டை லூசு" என்றுதான் என் வாயில் வருகிறது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைனராக இருந்தவள். கூட வேலை பார்த்த மேல்விஷாரத்து இம்தியாஸ் பாயும் நானும் ஒரே மாதத்தில் வேலையை விட்டோம். பஜாரில் ஷூ லேஸும் பக்கிளும் விற்கிற கடைக்கு மேலே ஒரு மாடி அறை. உள்ளே ஓடும் மெஷின் ஜப்பானிலிருந்து வரும். டயலையும் முள்ளையும் கேஸையும் நான் வரைந்து, வெளியே செய்யக் கொடுத்து, வந்ததும் ஒவ்வொன்றாகக் கோத்து, நேரம் பிசகாமல் சரிசெய்வேன். ஸ்ட்ராப் பாயின் பொறுப்பு. இவ்வளவுதான் எங்கள் கம்பெனி. சொந்தமாக ஒரு பொருளைச் செய்து, அதைப் பெற்ற பிள்ளை மாதிரி கையில் ஏந்திக்கொண்டு, "இது எதுக்கு?" என்று கேட்கிற உலகத்தின் முன் நிற்கிற என் சக ஜீவன்களே, இது உங்களுக்காக.

சித்தியின் சுவர்க் கடிகாரம்

கம்பெனி தொடங்கின மறுவாரமே நெமிலியிலிருந்து என் சித்தி பஸ் ஏறி வந்தாள். கையில் பெரிய கட்டைப்பை. வாழ்த்துச் சொல்ல ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து முகமெல்லாம் பல்லாக நின்றேன். பைக்குள்ளிருந்து ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்று வந்தது. "சித்தி, நான் ரிப்பேர் பண்றவ இல்ல. புதுசா டிசைன் பண்ணி, கை வாட்ச் மட்டும்தான்…" என்று இழுத்தேன். "ரெண்டாம் நம்பர் ஷூ வரைஞ்சவளுக்குப் பத்தாம் நம்பர் வராதா?" என்றாள்.

பின்பக்கம் திறந்து பார்த்தேன். பேட்டரியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். எடுத்து நேராகப் போட்டேன். ஓடியது. ஒரு பாராட்டு வரும் என்று நிமிர்ந்தால், சித்தி என்னையும் அந்த அறையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு நிமிஷ வேலையா இருக்குதேடி. இதுக்கா அவ்ளோ நல்ல வேலைய விட்ட?"

மணல் கேஸ்

எங்கள் முதல் வாட்சுக்குப் பாலாறு என்று பேர் வைத்தோம். தினம் பார்க்கிற ஆறு. அதன் நிறத்தில் டயல் வேண்டும் என்பது என் பிடிவாதம். தண்ணீரின் நிறத்துக்கு வழியில்லாததால் மணலின் நிறம். கம்ப்யூட்டரில் எத்தனையோ பழுப்பு வைத்துப் பார்த்தும் அது பிஸ்கட் நிறமாகவே இருந்தது. கடைசியில் ஒரு நாள் காலையில் ஆற்றில் இறங்கி, பிளாஸ்டிக் கவரில் ஒரு பிடி மணலை அள்ளிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினேன். பாலம் தாண்டியதும் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். மணல் கடத்தலுக்காக வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டியின் முன் கொக்கியில் கவர் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது?"

"மணல் சார். வாட்ச் செய்றதுக்கு."

"மணல் கடிகாரமா?"

"இல்ல சார், கைல கட்டறது. கலர் மேட்ச் பண்றதுக்காக…" என்று ஆரம்பித்து டயல், பெயின்ட், பாலாறு என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் கவரை உயர்த்தி வெயிலில் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவரிடம் காட்டினார். பிறகு மிகுந்த களைப்போடு அதைத் திருப்பிக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "நாங்க காலைல இருந்து லாரியத் தேடிக்கினு நிக்கிறோம், நீ சாம்பார் கவர்ல கடத்திக்கினு போறியேம்மா!"

கேரன்டி

அந்தப் பாலாறை வேலூரில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் நெடுநேரம் டயலைப் பார்த்தார், நிறத்தைப் பாராட்டினார், பின்னால் திருப்பி எழுத்துகளைப் படித்தார். "வாட்டர் ரெசிஸ்டன்ட்னா?" என்று கேட்டார். "தண்ணி உள்ள வராது சார், கேரன்டி" என்றேன் பெருமையாக. அவர் வாட்சைப் பத்திரமாக என் கையில் வைத்தார். "பாலாறுன்னு பேரு, தண்ணி வராதுன்னு கேரன்டி. இது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானம்மா!"

நீல ஸ்ட்ராப்

மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் சூப்பர்வைசராக இருக்கிற அன்வர் பாய் எங்கள் வாட்சை வாங்கினார். கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்கிற வகை அது. கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும், லீவு முடிந்து வேலைக்குப் போகிற காலையில் அவரிடமிருந்து போன் வரும். "மேடம், நின்னு போச்சு. பேஜாராப் போச்சு." நான் மறுபடியும் விளக்குவேன். அவர் மறுபடியும் "சரி சரி" என்பார்.

ஒரு நாள் நேரில் வந்தார். தோல் பதனிடும் பெரிய மர டிரம்முக்குள் எட்டிப் பார்த்தபோது கொக்கி கழன்று வாட்ச் உள்ளே விழுந்துவிட்டதாம். அது தெரியாமல் டிரம்மை ஓட்டியிருக்கிறார்கள். தோல்களோடு தோலாக, ரசாயனத் தண்ணீரில் பொழுதெல்லாம் சுற்றியிருக்கிறது. மேசைமேல் அதை வைத்தார். பழுப்பு ஸ்ட்ராப் நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. இம்தியாஸ் பாய் அதைத் தொட்டுப் பார்த்து, துக்க வீட்டுக்குப் போனவர் மாதிரி தலையை ஆட்டினார். நான் வாட்சைக் காதில் வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது! கருவியில் வைத்துச் சோதித்தால், இதுவரை அது அப்படி ஒரு முழுச் சாவியில் ஓடினதே இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூச்சப்பட்டுக்கொண்டு நின்ற அன்வர் பாய் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப மேடம், லீவு விட்டா வீட்ல கழட்டி வைக்காம டிரம்முலயே போட்டுரட்டுமா?"

ஏழரை

இரண்டாவது வாட்சுக்குத் தமிழ் எண்கள். ௧, ௨, ௩ என்று ஒவ்வொரு எண்ணையும் நானே கையால் வரைந்தேன். டயல் அச்சடித்தது வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலை. பெட்டி வந்த அன்று பூசை போடாத குறைதான். பிரித்தேன். ஆறுக்கு அடுத்து எட்டு, அதற்கடுத்து ஏழு. நான் அனுப்பியதில் சரியாகத்தான் இருந்தது. அங்கே யாரோ ௭-ஐயும் ௮-ஐயும் இடம் மாற்றிவிட்டார்கள். ஒரு டயலில் அல்ல, எல்லா டயலிலும். எங்கள் இரண்டு குடும்பத்துச் சேமிப்பும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மறுபடி அச்சடிப்பதானால் கடையை மூடிவிட்டுத்தான் அச்சடிக்க வேண்டும்.

"யாரு மேடம் நம்பரப் படிக்கிறாங்க? முள்ளு எங்க நிக்குதுன்னுதான பாக்குறாங்க. கோத்துடலாம்" என்றார் இம்தியாஸ் பாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குப் போய் சாப்பிடாமல் படுத்தேன். வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தப்பான ரிப்போர்ட்ட மறைச்சாத்தான் தப்பு. சொல்லிட்டா அது வெறும் ரிப்போர்ட்டு" என்றார். மறுநாள் வாட்சைப் படம் எடுத்து, எண்களுக்கு மேல் சிவப்பில் வட்டம் போட்டு, "இதில் ஏழும் எட்டும் இடம் மாறிவிட்டன. தெரிந்து வாங்குங்கள்" என்று எங்கள் இணையப் பக்கத்தில் போட்டோம். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பாய் தன் பழைய கம்பெனிக்குப் போன் செய்து வேலை இருக்கிறதா என்று விசாரித்ததை நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன்.

அப்போதுதான் வாணியம்பாடியிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் படியேறி வந்தார். வாட்சை வாங்கிப் பார்த்தார். எட்டரைக்கு முள் எங்கே நிற்கும் என்று கேட்டார், காட்டினேன். ஏழரைக்கு எங்கே என்று கேட்டார், காட்டினேன். விரலால் டயலைத் தடவி என்னவோ கணக்குப் போட்டார். தனக்கு ஒன்று, மச்சானுக்கு ஒன்று வாங்கினார். பின்னால், அவர் சொல்லி அவர் ஜோசியரிடம் வருகிறவர்கள், அவர்கள் சொல்லி இன்னும் சிலர் என்று, புது டயலுக்கு நாங்கள் ஆர்டர் கொடுப்பதற்குள் அந்தப் பெட்டி காலியாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாதே! "சார், தப்புன்னு தெரிஞ்சுதான வாங்குறீங்க?" என்று மறுபடியும் கேட்டேன். வாட்சைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஏழரைச் சனி நடக்குதும்மா. இதுல ஏழரை ஒரு மணி நேரமாவது தள்ளிப் போவுதே!"

டூப்ளிகேட்

திருத்திய டயல் வந்ததும், பழைய பெட்டி தீர்ந்த பிறகு கேட்டு, வாட்ச் கிடைக்காமல் போன ஒருவரை நானே போன் போட்டுக் கூப்பிட்டேன். வந்தார். எண்களை ஒன்று முதல் பன்னிரண்டு வரை வாய்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "எல்லாம் கரெக்டா இருக்குதே மேடம். டூப்ளிகேட்டா?"

தலைகீழ்

ஒரு நர்ஸ் வந்தார்கள், பெயர் மேரி. வார்டில் கையில் எதுவும் கட்டக் கூடாது. அடிக்கடி கை கழுவ வேண்டும். சட்டையில் குத்திக்கொள்கிற மாதிரி, குனிந்தால் தனக்கு நேராகத் தெரிகிற மாதிரி தலைகீழாகத் தொங்கும் வாட்ச் வேண்டும் என்றார்கள். நாடி பார்க்கும்போது பழைய வாட்சின் நொடி முள் திக்கித் திக்கி நின்று, ஒரு நிமிஷம் தனக்கே நெஞ்சு நின்றுவிட்டது என்றும் சொன்னார்கள். அதனால் நொடி முள்ளைப் பெரிதாக, நல்ல சிவப்பில் வைத்தேன். "தோலு வாணாம், கழுவ முடியாது" என்றதும் இம்தியாஸ் பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. "ஆம்பூருக்கு வந்து தோலு வாணாம்னா இன்னா மேடம் அர்த்தம்?" என்று முனகிக்கொண்டே எஃகில் ஒரு கொக்கி செய்து கொடுத்தார்.

மேரி அதைக் குத்திக்கொண்டு போன முதல் நாள், காட்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்கு நாடி பார்த்திருக்கிறார்கள். அவர் கண்ணெடுக்காமல் சட்டையிலிருந்த வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கையை விட்டதும் கேட்டாராம்: "சிஸ்டர், உங்க வாட்சு தலைகீழா ஓடுது. என் நாடியாவது நேரா ஓடுதா?"

ஒற்றை முள்

திமிரிப் பக்கத்து விவசாயி ஒருவர், மகன் வாங்கிக் கொடுத்த எங்கள் வாட்சைத் தூக்கிக்கொண்டு வந்து, நிமிஷ முள்ளை எடுத்துவிடச் சொன்னார். கண்ணைக் குழப்புகிறதாம். "மோட்டாருக்குக் கரன்ட்டு எத்தினி மணிக்கு வருதுன்னு தெரிஞ்சா போதும். அவன் நிமிஷக் கணக்குலயா வுடறான்?" என்றார். எனக்குக் கோபம். நான் வரைந்த அழகான முள்! பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் அந்த டயல் கண்ணுக்குள்ளேயே நின்றது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது! மணிக்கு நடுவே கால், அரை, முக்காலுக்குச் சின்னக் கோடுகள் போட்டு, ஒற்றை முள்ளோடு புதிதாக ஒன்று வரைந்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அவசரமே இல்லாத வாட்ச் என்று அவசர அவசரமாக வாங்கினார்கள்.

முதல் வாட்சை அவருக்கே கொடுக்க வேண்டும் என்று திமிரிக்குப் போனோம். காசு வாங்க மாட்டேன் என்றதும் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டார். கடையில் என்ன விலை என்று பேச்சுவாக்கில் கேட்டார். சொன்னேன். மனைவியைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லச் சொன்னார்; மறுபடி சொன்னேன். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு முள்ள கம்மி பண்ணிட்டு வெலய ஜாஸ்தி பண்ணிட்டியேம்மா, நீ பொழச்சுக்குவ!"

காலி நாற்காலி

ஷூ கம்பெனியில் எங்கள் டிசைன் பிரிவுக்குத் தலைவர் ஜெயசீலன் சார். ஒரு தையல் பிசகினாலும் சாம்பிளைத் தூக்கி மேசையில் போடுவார். நான் வேலையை விட்டு வந்த பிறகு வருஷப் பிறப்புக்கு ஒரு செய்தி அனுப்புவார்: "ஹாபி எப்படிப் போகுது?" ஹாபி என்ற அந்த வார்த்தைக்காகவே நான் பதிலில் நன்றி மட்டும் போடுவேன்.

போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறி வந்தார். நானும் இம்தியாஸ் பாயும் எங்களை அறியாமல் எழுந்து நின்றோம். ஒரு வாட்சை எடுத்தார். டயலைப் பார்க்கவில்லை, ஸ்ட்ராப்பைத் திருப்பி ஓரத்துப் பூச்சைப் பார்த்தார், நகத்தால் கீறினார், தையலை வெளிச்சத்தில் பிடித்தார். பாய் என் பக்கத்தில் நின்று மூச்சே விடவில்லை. பிறகு சார் வாட்சைக் கட்டிக்கொண்டு, கையை நீட்டியும் மடக்கியும் வெகுநேரம் பார்த்தார். கழற்றவில்லை. படி வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "உன் சீட்ல இதுவரைக்கும் யாரையும் பர்மனென்ட்டா ஒக்கார வைக்கல சுகந்தி. முடியாமத் திரும்பி வந்தா இருக்கட்டும்னு வச்சிருந்தேன். நாளைக்கு ஆள் எடுத்துடறேன்."

சுற்றிலும் இத்தனை வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதும், இதை எழுதித் தரச் சொன்னவர்களுக்கு ஒரு வாரம் தாமதமாகத்தான் அனுப்புகிறேன் என்பதிலிருந்து, இந்தத் தொழில் என்னை எவ்வளவு தூரம் திருத்தியிருக்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.