பன்னிரண்டால் பெருக்கிய வைகாசி

வெள்ளவத்தையில் கல்யாண மணவறை அலங்கரிப்பது என் தொழில். எந்தத் திகதியில் யாருடைய கல்யாணம், என்ன கிடைத்தது என்று டயரியில் தவறாமல் எழுதி வைப்பேன். அப்படிப்பட்ட நான்தான் அந்தப் பிழையைச் செய்தேன்.

வருட வருமானத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு வரிப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. குறைத்து எழுதினால் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், முகூர்த்தம் நிறைந்த வைகாசி வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டேன்.

தவணை கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது ஆடியில். கையில் ஒரு வேலையும் இல்லை. சாமான் ஏற்றும் வான் வண்டியை விற்றால்தான் கட்டலாம். இப்போது போய்க் குறைத்துச் சொன்னால் ஒளிக்கிறேன் என்றுதானே நினைப்பார்கள்? மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் டயரியோடு வரி அலுவலகத்துக்குப் போனேன். சிங்களப் பெண் அதிகாரி ஒருவர் படிவத்தைப் பார்த்தார்.

"ஐயா, ஆடியில கல்யாணம் இருக்கா?" என்று தமிழில் கேட்டார்.

"இல்ல மிஸ்."

"மார்கழியில?"

"இல்ல. புரட்டாதி, பங்குனியிலயும் இல்ல."

"அப்ப இந்தப் படிவத்தில மட்டும் மாசாமாசம் யாருக்குக் கல்யாணம்?" சிரித்துவிட்டார். "நான் கொட்டாஞ்சேனையில தமிழ் ஆக்களோட வளந்தனான். பயப்பட வேணாம், திருத்தித் தாங்க."

டயரியைப் பார்த்து அங்கேயே திருத்திக் கொடுத்தேன். வேலையில்லாத மாதங்களின் பக்கங்களை அதுவரை நான் வெட்கத்தில் எழுதாமலே விட்டிருந்தேன். அரசாங்கக் கடித உறையைக் கண்டால் இன்றும் பிரிக்கத் தயங்குகிறேன். ஆனாலும் ஆடி பிறந்ததும் டயரியில் 'வேலை இல்லை' என்று எழுதிவிடுகிறேன்.