இந்தியாவுக்காக மூன்று ஆட்டம்

2006-ஆம் வருஷம். மாசி மகத் திருவிழா முடிந்து, கடைவீதியில் தேர் போன தடம்கூட அழியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஒரு கபடி ஆட்டக்காரருக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. மேடையேறி அவரைப் பாராட்டிப் பேசியவன் நான். அவ்வளவு கைதட்டல் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. நான் வாழ்க்கையில் அதிகம் வெட்கப்பட்டதும் அதே மேடையில்தான்.

எனக்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டை. ஆறு வருஷம் சவுதியில் இருந்துவிட்டுத் திரும்பி, விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி லாரி ஏற்றி அனுப்புகிற பிரிவு. பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்பதால், ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் "பாயைக் கூப்புடு, ரெண்டு வார்த்தை நல்லா பேசுவாரு" என்பார்கள்.

அந்த ஆட்டக்காரர் என் வகுப்புத் தோழர். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் 'கார்னர்'தான். களத்தில் இடது மூலையில் நிற்பவர் என்பதால் வந்த பெயர்.

பார்த்தால் பயில்வான் மாதிரி எல்லாம் இருக்க மாட்டார். ஒல்லிதான். 'கபடி, கபடி' என்று பாடி வருகிறவனின் முகத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. கண் எப்போதும் அவன் காலில் இருக்கும். மற்றவர்கள் துள்ளுவார்கள், கத்துவார்கள். இவர் லேசாகக் குந்தி, இரண்டு கையையும் தொங்கவிட்டபடி, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி நிற்பார். வந்தவன் ஒரு அடி கூடுதலாக வைத்துவிட்டால் போதும். கணுக்கால் அவர் கையில் இருக்கும். எப்போது குனிந்தார், எப்போது பிடித்தார் என்று பக்கத்தில் இருப்பவனுக்கே தெரியாது.

அந்தப் பிடியால்தான் அவருக்குச் சென்னையில் விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலை கிடைத்தது. மாநில அணி, அதன் பிறகு இந்திய அணி. பக்கத்து நாட்டுக்கு ஒரு சுற்றுப்பயணம் போய் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு வந்தார். அடுத்த வருஷம் பெரிய ஆசியப் போட்டி. அதற்கான பயிற்சி முகாம் டெல்லியில் நடந்தது. போனார். அணியில் பெயர் வரவில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் மாநில அளவில் ஆடினாலும் இந்திய பனியனை அவர் திரும்பப் போடவே இல்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் இருந்தது. "வடக்கத்திக்காரனுங்க ஏமாத்திட்டானுங்க." டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்கும் அது கண்ணால் பார்த்த விஷயம் மாதிரியே ஆகிவிட்டது.

முட்டி வலி தாங்காமல் அந்த வருஷம் ஆட்டத்தை விடுவதாகச் சொன்னார். கபடிக் கழகத் தலைவர், ஊரில் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருப்பவர், விழாவுக்கு ஏற்பாடு செய்தார். வெறும் விழா இல்லை. வரப்போகிற முக்கியப் பிரமுகரிடம் ஒரு மனு கொடுப்பது என்று முடிவு. கார்னரை மாவட்டப் பயிற்சியாளராகப் போட வேண்டும் என்று மனு.

"பாய், ஒங்க பேச்சுலதான் இருக்குது. அவருக்கு நடந்த அநியாயத்தை நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லுங்க. அப்பதான் போஸ்ட்டு வரும்" என்றார் தலைவர்.

நான் நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன். கார்னரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மேடையில் கேட்டு அவர் நெகிழ்ந்துபோக வேண்டும் என்று ஆசை.

கார்னர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அரியானாவிலிருந்து தன்னுடைய பழைய சிநேகிதர் ஒருத்தர் வருவார், கடைசி ஆட்டத்தில் அவரும் தன்னோடு ஒரே பக்கம் நிற்க வேண்டும் என்றார். யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. எனக்குச் சவுதியில் கற்ற ஹிந்தி தெரியும் என்பதால் விருந்தாளியைக் கவனிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஞாயிறு காலை ஸ்டேஷனில் இறங்கினார். ஆறடி உயரம், பயில்வான்களுக்கு இருப்பது போல் காது இரண்டும் நசுங்கி, சிரித்த முகம். எங்கள் இட்லியை எட்டு சாப்பிட்டார். பழமலைநாதர் கோயிலைச் சுற்றிக் காட்டினேன். எங்கள் யூனிட்டுக்குக் கூட்டிப் போனேன். பக்கத்துக் கடையில் தன் மகளுக்கு என்று இரண்டு களிமண் பொம்மை வாங்கி, துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கார்னரை எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கேம்ப்பில் ஒன்றாக இருந்தோம்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது.

மாலை நாலு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. கம்மாபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் டூவீலரில் வந்து குவிந்திருந்தார்கள். கார்னர் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு இடது மூலையில் நின்றார். அரியானாக்காரர் வலது மூலையில். நடுவே ஒரு தடவை தலைவர் விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்து இடது மூலைக்கு மாறி நிற்கச் சொன்னார். அரியானாக்காரர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு, அது கார்னருடைய இடம் என்று கையால் காட்டினார்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, எதிர் அணியில் வேகத்துக்குப் பெயர் போன ஒருத்தன் பாடி வந்தான். கார்னரின் முட்டியைப் பார்த்தே அந்தப் பக்கம் வந்தான். தொட்டுவிட்டுத் திரும்பியும் விட்டான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பார்த்தால் ஆள் மண்ணில் கிடக்கிறான். ஒரு கையில் அவன் கணுக்காலைப் பிடித்தபடி கார்னர் குப்புறக் கிடக்கிறார். திடலே எழுந்து கத்தியது. எழுந்ததும் கார்னர் செய்த முதல் காரியம், அந்த ஆளின் காலைத் தடவிப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டதுதான்.

அடுத்து மேடை. என் முறை வந்தது. கார்னரின் பிடியைப் பற்றிப் பேசினேன், கைதட்டினார்கள். குரலை உயர்த்தினேன். "இந்த மண்ணின் மைந்தன் ஏன் ஆசியப் போட்டிக்குப் போகவில்லை? திறமை இல்லாமலா? இல்லை! டெல்லியில் சிபாரிசு இல்லாமல்! சிபாரிசு பிடித்த எவனோ ஒருவன் நம் கார்னரின் இடத்தைப் பறித்தான்! சிபாரிசு ஜெயித்தது, திறமை தோற்றது!"

விசில் காதைக் கிழித்தது. பிரமுகர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அரியானாக்காரரும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். கார்னரைத் திரும்பிப் பார்த்தேன். நெகிழ்ந்த முகம் இல்லை அது. அடிபட்ட முகம்.

எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். பேசிப் பழகாத மனிதர். மூச்சு வாங்கியது.

"பாய் நல்லா பேசுனாரு. ஆனா அப்புடி நடக்கலீங்க" என்றார்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கேம்ப்ல லெஃப்ட் கார்னருக்கு ரெண்டு பேரு இருந்தோம். மூணு நாளு ட்ரையல் வச்சாங்க. ஒரே ஆளுங்கதான் ரெண்டு பேருகிட்டயும் பாடி வந்தாங்க. கடைசி நாளு நானு பத்துல நாலு புடிச்சேன். அவரு ஏழு புடிச்சாரு. நானே எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். எடுக்கிற எடத்துல நானு இருந்திருந்தாலும் அவரத்தான் எடுத்திருப்பேன்." மேடையில் திரும்பிப் பார்த்தார். "அவரு வேற யாரும் இல்லீங்க. இதோ ஒக்காந்திருக்காரு."

காலையிலிருந்து என்னோடு சுற்றிய மனிதர். பொம்மையைத் துண்டில் சுற்றிக்கொண்ட மனிதர்.

கார்னர் தொடர்ந்தார். "தோத்துட்டு வந்தப்ப எல்லாரும் வூட்டுக்கு வந்து, ஒன்ன ஏமாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. கேக்க நல்லா இருந்துச்சு. ஆமான்னு தலையாட்டிட்டேன். இத்தனை வருஷம் ஆட்டிக்கிட்டே இருந்துட்டேன். பாய் மேல தப்பு இல்ல, எம்மேலதான். இன்னொண்ணு. முட்டில மொத தடவ அடிபட்டப்ப டாக்டரு ஆறு மாசம் எக்சர்சைஸ் பண்ணச் சொன்னாரு. ரெண்டு மாசத்துல வுட்டுட்டேன். பண்ணியிருந்தா திரும்பப் போயிருக்கலாமோ என்னவோ. அது என் சோம்பேறித்தனம். அதையும் யார் தலையிலயும் வைக்காதீங்க."

கடைசியாகச் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"இந்தியாவுக்காக மூணு ஆட்டம் ஆடியிருக்கேன். இந்தக் களத்துல இருந்து போயி ஆடியிருக்கேன். அதைப் பேசுங்க. ஆடாத ஆட்டத்தையே பேசிப் பேசி, ஆடுன மூணையும் இல்லாம பண்ணிடாதீங்க."

மைக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் தட்டியது, சற்று முன் அவர் கையில் மாட்டி விழுந்த அந்த எதிர் அணிக்காரன். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள்.

தலைவர் முகம் சுருங்கிப்போனது. மனுவிலும் 'அநீதி' என்றுதான் எழுதியிருந்தோம். கார்னர் பேனாவைக் கேட்டு வாங்கி அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுத்தார். பிரமுகர் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் போஸ்ட் வரவில்லை. அடித்த வரியால்தான் வரவில்லையா, எப்படியும் வந்திருக்காதா, தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கார்னர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, பாய்" என்றார். கோபமாக இல்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

மறுநாள் காலை அரியானாக்காரரை ரயிலேற்ற நான்தான் போனேன். இரவெல்லாம் தூங்கவில்லை. முந்தின நாள் நான் பேசியது அவருக்குப் புரிந்திருக்காது, சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. பிளாட்பாரத்தில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தெரிந்த ஹிந்தியில் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் டீயை ஊதிக் குடித்தார். "சிஃபாரிஷ்" என்றார். அந்த ஒரே வார்த்தை. அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மூன்று தடவை சொன்னீர்கள். டெல்லி என்றும் சொன்னீர்கள். எங்கள் பாஷையிலும் அது அதே வார்த்தைதான் பாய்."

நாங்கள் அன்றாடம் பேசுகிற சொல். எங்கிருந்து வந்தது என்று ஹிந்தி பேசத் தெரிந்த நானே யோசித்ததில்லை.

"புரிந்துமா கைதட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

"ஜனங்கள் அவனுக்காகத் தட்டினார்கள். நானும் அவனுக்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தேன்" என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இன்னும் ஒன்று சொன்னார். "பட்டியல் ஒட்டிய அன்றைக்கு எனக்கு முதலில் கை கொடுத்தது அவன்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. ஒரு போட்டியில் எனக்கு விரல் பிசகினபோது ஓடி வந்து கட்டுப் போட்டதும் அவன்தான். அப்படித்தான் திரும்பப் பேச ஆரம்பித்தோம். அந்த மூலையில் நிற்பவர்களில் அவனை மாதிரிப் பொறுமைக்காரனை நான் பார்த்ததில்லை. அந்த ட்ரையல் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். அவ்வளவுதான்."

ரயில் வந்தது. பையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினார்.

கார்னர் சென்னைக்குப் போய்த் தன் ஆபீஸ் ஃபைல்களோடு வேலையைத் தொடர்ந்தார். நாங்கள் இப்போதும் பேசிக்கொள்வோம். அவரைப் பற்றி யார் கேட்டாலும் அவர் பிடித்த பிடிகளைச் சொல்கிறேன், ஆடிய மூன்று ஆட்டத்தைச் சொல்கிறேன். கேட்பவர்கள், "அவ்ளோதானா?" என்பார்கள். இந்தத் தாலுகாவில் வேறு எத்தனை பேர் இந்தியாவுக்கு மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

ஒரு விஷயம் மட்டும் மகளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். நான் காலேஜ் போகாததற்குக் காரணம் வீட்டு நிலைமை, என்னை மட்டும் படிக்க விட்டிருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று என் மனைவியிடமும் மகளிடமும் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தேன். வாப்பா என்னைப் படிக்க வைக்கத் தயாராகத்தான் இருந்தார். ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் நான் ஃபெயில். படிக்காமல் சுற்றியதால் ஃபெயில். மறுபடியும் எழுதப் பயந்து விமானம் ஏறியவன் நான். அந்த விழா நடந்த மறுவாரம் மகளிடம் உள்ளதைச் சொன்னேன். அவள், "சவுதில ஆறு வருஷம் தனியா இருந்தீங்களே, அது கஷ்டமா இல்லையா வாப்பா?" என்று கேட்டாள். அதுவரை அந்த ஆறு வருஷத்தைப் பற்றி என்னிடம் யாருமே கேட்டதில்லை. நடக்காததைப் பற்றியே நான் பேசிக்கொண்டிருந்தால், நடந்ததைப் பற்றி யார்தான் கேட்பார்கள்?