வாய்ப்பு குறைவு என்று சொன்ன ஆண்டு

அனுசுயா தலைமை தாங்கிய ஆய்வுத் திட்டத்துக்கு மூன்று ஆறுகள். ஒன்று, அவள் பிறந்து வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கின் முல்லைப் பெரியாறு. இன்னொன்று லாவோஸில். மூன்றாவது எத்தியோப்பியாவில். மூன்று இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: மழை பருவம் தப்பிக்கொண்டே போகும்போது, ஆற்றை நம்பி நாற்றுப் பாவுகிறவர்கள் வீட்டில் சோற்றுக்குத் தட்டுப்பாடு வராமலிருக்க என்ன வழி? இதற்காகத் தேனியில், சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, காலையில் லாவோஸ்காரர்களோடும் பொழுதுசாய எத்தியோப்பியர்களோடும் பேசுவாள். இடையில் சின்னமனூருக்கோ உத்தமபாளையத்துக்கோ வண்டி ஏறுவாள். ஐம்பத்து நான்கு வயது. எந்த ஊரில் எந்தக் கிழமை என்பது சில நாள் குழம்பிப் போகும்.

"ஆத்துக்கு லீவு கெடையாது, சரி. உனக்குமா கெடையாது?" என்று கேட்பார் கணவர் முத்துராமலிங்கம். கல்லூரியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சமையல் முழுக்க இப்போது அவர் கையில்தான். "இந்த ஒரு போகம் முடியட்டுங்க" என்பாள் அவள். பள்ளத்தாக்கில் ஒரு போகம் முடிந்தால் அடுத்த போகம் ஆரம்பித்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் வாங்கிய பட்டமெல்லாம் அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு பொருட்டில்லை. அங்கே அவள் சின்னக்கருப்பு மகள். அப்பா உயிரோடு இருந்தவரை சின்னமனூருக்குக் கீழே இரண்டு போகமும் நெல் போட்டவர். அவர் போனபின் வயல் கைமாறிவிட்டது, பெயர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டது. அது உதவியாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. வேற்றூர் ஆராய்ச்சியாளரிடம் சொல்லாததை அவளிடம் சொல்வார்கள். வேற்றூர்க்காரரைத் திட்டத் தயங்குகிறவர்கள் அவளைத் தயங்காமல் திட்டுவார்கள்.

அந்த ஆண்டு கோடை மழை ஏமாற்றியது. மே மாதக் கடைசியில் அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. வழக்கமாக ஜூன் பிறந்ததும் முதல் போகத்துக்குத் திறந்துவிடுவார்கள். இருக்கிற கொஞ்சத்தைத் திறந்துவிட்டு, பிறகு தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டால் கடைமடை வயல்கள் பால் பிடிக்கும் முன்பே கருகும். சில வருடங்களுக்கு முன்பு அப்படிக் கருகியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவளுடைய குழுவில் மழைக் கணக்கும் ஆற்றுக் கணக்கும் பார்க்கும் திலீபன், பழைய ஆண்டுகளின் மழையையெல்லாம் கணினியில் போட்டுப் புரட்டினான். ஜூலை நடுவில் திறப்பதே மேல் என்று வந்தது.

தண்ணீர் திறக்கும் நாளைப் பேசி முடிவு செய்யும் கூட்டத்தில் அனுசுயா அதைச் சொன்னாள். அதிகாரிகளுக்கும் அதுவே சரியென்று பட்டது. விவசாயிகள் சங்கத்தைச் சேர்ந்த பொன்னுராஜ் மட்டும் எழுந்தார்.

"தள்ளித் தொறந்தா அறுப்பும் தள்ளித்தானம்மா போகும்? ஐப்பசி, கார்த்திகை மழையில மாட்டுனா என்ன செய்ய?"

"அதையும் பாத்துட்டோம்ணே. வாய்ப்பு குறைவு" என்றாள் அனுசுயா.

பொய்யில்லை. ஏழு வருடத்தில் ஒரு வருடம் அப்படி மாட்டலாம் என்று திலீபனின் கணக்கு சொல்லியிருந்தது. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் கைப்பேசியில் எத்தியோப்பியாவின் அழைப்பு துடித்துக்கொண்டிருந்தது, கூட்டத்தில் பேச வேண்டிய விஷயங்கள் இன்னும் பாக்கி இருந்தன, முந்தின நாள் சரியான தூக்கமும் இல்லை. 'வாய்ப்பு குறைவு' என்பது வாய்க்குச் சுலபமாக வந்தது. பொன்னுராஜ் உட்கார்ந்துவிட்டார். சின்னக்கருப்பு மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

ஜூன் மூன்றாவது வாரம் மேற்கே மலையில் மழை பிடித்துக்கொண்டது. அணை மளமளவென்று ஏறியது. ஜூன் முதலிலேயே திறந்திருந்தாலும் ஒரு பயிரும் காய்ந்திருக்காது. டீக்கடைகளில் இதைப் பேச ஆரம்பித்தார்கள், ஆனாலும் சிரித்துக்கொண்டே பேசினார்கள். அறிவித்த தேதியை யாரும் மாற்றவில்லை. ஜூலையில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, நாற்றுப் பாவி, ஆவணியில் நட்டார்கள். பயிர் நன்றாகவே நின்றது.

கார்த்திகை பிறந்ததும் மழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. அறுப்புக்குத் தயாராக நின்ற நெல் மொத்தமும் படுத்துவிட்டது.

மழை ஓய்ந்த காலையில் அனுசுயா கடைமடைக்குப் போனாள். வீரபாண்டியைத் தாண்டும்போதே ரோட்டின் இரண்டு பக்கமும் வயலா குளமா என்று தெரியவில்லை. வரப்பு வழுக்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒரு வயலில் அறுபது வயதுப் பெண் ஒருத்தி முட்டளவு தண்ணீரில் நின்று, சாய்ந்த கதிர்களை அள்ளி நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள். ராமுத்தாய். கணவர் இறந்த பிறகு தனியாக அந்த ஒன்றரை ஏக்கரைப் பார்த்துவந்தவள். அனுசுயாவின் அப்பாவுக்குப் பக்கத்து வயல்காரி.

"மதினி" என்று கூப்பிட்டாள் அனுசுயா.

ராமுத்தாய் நிமிரவில்லை. ஒரு கதிரை உருவி அவள் பக்கம் நீட்டினாள். நெல்மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"நிக்கிற பயிருலயே மொளைச்சிருச்சு. இனி இத அறுத்து என்ன, அறுக்காட்டி என்ன? கோழிக்குத்தான் ஆகும்."

"நான்தான் தள்ளித் தொறக்கச் சொன்னேன்."

"தெரியும். ஊருக்கே தெரியும்." கோபமில்லாத குரல். "மழைய நீயா பெய்யச் சொன்ன? ஆனா ஒண்ணு. மழ வந்தாலும் வரலாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கொஞ்சம் வெள்ளன அறுப்புக்கு வர்ற நெல்லாப் பாத்துப் போட்டிருப்பேன். வராதுன்னுல்ல சொன்னாக?"

வராது என்று அவள் சொல்லவில்லை. 'வாய்ப்பு குறைவு' என்ற சொல் கூட்டத்திலிருந்து கடைமடை வருவதற்குள் அப்படி ஆகியிருந்தது.  

மறுநாள் நடந்த குறைதீர்க்கும் கூட்டத்தில் பொன்னுராஜ் ஒரு மூட்டை முளைத்த நெல்லைக் கொண்டுவந்து மேடைக்கு முன்னால் கொட்டினார். "வெளிநாட்டுக்காரன் பணத்துல கணக்கப் போட்டுப் பாக்க எங்க வயித்துலயா எடம் கெடைச்சது?" என்று கத்தினார். கூட்டமே எழுந்து நின்றது. நீங்கள் பேச வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஓர் அதிகாரி அவள் காதில் சொன்னார். அனுசுயா எழுந்தாள்.

"தள்ளித் தொறக்கச் சொன்னது எங்க ஆளுகதான். ஏழு வருசத்துல ஒரு வருசம் இப்பிடி ஆகலாம்னு தெரிஞ்சுதான் சொன்னோம். அந்த ஏழு, ஒண்ணு எல்லாத்தையும் ஒங்ககிட்டச் சொல்லாம விட்டது நான். திலீபன் கணக்கு தப்பில்ல. நான் பதில் சொன்ன லட்சணம்தான் தப்பு."

இதைக் கேட்டு யாரும் சமாதானமாகிவிடவில்லை. "தப்புன்னு சொல்லிட்டா நெல்லு எந்திரிச்சுருமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்விதான்.

நெல் எழாது. ஆனால் எல்லா வயலும் முளைக்கவில்லை. மேட்டு வயல்களில் கதிர் சாய்ந்திருந்தாலும் மணி கெடாமல் இருந்தது. இரண்டு மூன்று நாளில் அறுத்தால் தேறும். உள்ளூரில் இருந்தவையோ டயர் வைத்த அறுப்பு இயந்திரங்கள்; சேற்றில் இறங்கினால் அங்கேயே புதையும். தஞ்சாவூர்ப் பக்கம் சேற்றிலும் ஓடும் பெல்ட் வண்டிகள் உண்டு. குறுவை அறுப்பு முடிந்து சும்மா நிற்கும் நேரம். அங்கே முன்னொரு காலத்தில் தன்னோடு வேலை பார்த்த கிறிஸ்டோபரைக் கூப்பிட்டாள்.

"எத்தன வண்டி வேணும்?"

"கெடைக்கிறதெல்லாம்."

"அனு, நீ அழறியா?"

"இல்ல. தொண்ட கட்டிருக்கு."

மறுநாள் மத்தியானம் லாரிகளில் ஆறு வண்டிகள் வந்து சேர்ந்தன. எந்த வயலுக்கு முதலில் போவது என்று பெரிய சண்டை. லாவோஸ் கூட்டம், எத்தியோப்பியா கூட்டம், எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, திலீபனையும் வயல் ஆய்வாளர் சினேகாவையும் கூட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக ஏறி இறங்கினாள். மணி கெடாத வயலுக்கு முன்னுரிமை, சொந்தம் சாதி பார்க்கிற பேச்சே கிடையாது என்று நின்றாள். கூட்டத்தில் கத்தின பொன்னுராஜே இரண்டாம் நாள் வண்டிக்கு முன்னால் நடந்து வழி காட்டினார். மேட்டு வயல்களில் பெரும்பாலானவை தேறின. பள்ளத்து வயல்கள் போயே போயின. ராமுத்தாயின் வயல் பள்ளத்தில் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஆய்வுக்குப் பணம் தருகிற வெளிநாட்டு நிறுவனத்தார் திரையில் தோன்றி, திட்டம் கற்றுக்கொண்ட பாடங்களைச் சுருக்கமாகச் சொல்லும்படி கேட்டார்கள். அவள் சொன்னாள். மிக நேர்மையான அறிக்கை என்று பாராட்டி, இன்னும் நான்கு ஆண்டுக்குத் திட்டத்தை நீட்டித்தார்கள். அனுசுயாவுக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. திரையை அணைத்தாள்.

அடுத்த ஆண்டும் அணையில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. கூட்டத்தில் அவள் எந்த நாளையும் சிபாரிசு செய்யவில்லை. முன்னால் திறந்தால் எத்தனை வருடத்துக்கு ஒரு வருடம் கருகும், பின்னால் திறந்தால் எத்தனைக்கு ஒன்று மழையில் மாட்டும் என்று எண்ணாகவே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். காரசாரமாகப் பேசினார்கள். கடைசியில் ஜூலைக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் இந்த முறை கிணறு உள்ளவர்கள் ஜூனிலேயே மற்றவர்களுக்கும் சேர்த்து நாற்றுப் பாவித் தருவது என்று ஏற்பாடு. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது நாற்று தயாராக இருந்தால் அறுப்பு அவ்வளவு தள்ளிப் போகாது. சினேகா வீடு வீடாக ஏறிக் கிணற்றுக்காரர்களைச் சம்மதிக்க வைத்தாள். பாண்டீஸ்வரன் என்பவர் மட்டும் மூன்று தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நான்காம் தடவை ஒன்றும் சொல்லாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார். ஐப்பசி மழைக்கு முன்பே முக்கால்வாசி நெல் களத்துக்கு வந்துவிட்டது.

அறுப்பு முடிந்த ஒரு மத்தியானம் கடைமடைப் பக்கம் போன அனுசுயா, ராமுத்தாயின் வயலில் வாழை நிற்பதைப் பார்த்தாள். ராமுத்தாய் அதைக் கம்பத்துக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாள். வீட்டில் தேடிப் போனபோது ராமுத்தாய் சாப்பாட்டுக்கு உட்காரப் போகிற நேரம்.

"நாத்து தர்றோம்னு சினேகா வந்து சொன்னாள்ல மதினி? அப்பறம் ஏன்?"

"வந்தா. நல்ல பிள்ள. பாவம், மூணு மட்டம் வீட்டுக்கு நடந்தா." ராமுத்தாய் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். "ஒம்மேல கோவத்துல விட்டேன்னு நெனைக்காத. எனக்கே சலிச்சுப் போச்சுத்தா. வானத்த எத்தன வருசந்தான் அண்ணாந்து பாக்குறது? இவரு வருசம் பொறந்தா குத்தகையக் குடுத்துட்டுப் போறாரு. நான் செவனேன்னு கெடக்கேன்."

"நெல்லு?"

"ரேசன்ல போடுறாக. என்ன, கொஞ்சம் வாடை வரும். ஒலைத் தண்ணிய ரெண்டு தடவ மாத்துனாச் சரியாப் போகும்."

ஐம்பது வருடம் நெல் விளைவித்த கை ரேஷன் அரிசிச் சோற்றை அள்ளிப் போட்டது. மேலே கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. அனுசுயாவின் திட்டம் யாரை நெல்லில் நிறுத்திவைக்க வேண்டும் என்று ஆரம்பித்ததோ, அவர்களில் ஒருத்தி இப்படி விலகிப் போயிருந்தாள். களத்துக்கு வந்த நெல்லின் கணக்கில் இது தெரியாது. அறிக்கையில் இதைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும் என்று நினைத்தாள், ஆனால் அந்த நேரம் ஒரு வாக்கியமும் மனதில் ஓடவில்லை. சோறு சூடாக இருந்தது. மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டாள்.

"மொகமே சரியில்ல. கொஞ்சம் தலையச் சாய்" என்று பாயை விரித்தாள் ராமுத்தாய்.

"இல்ல மதினி, உத்தமபாளையத்துல ஆளுக காத்திருக்காக."

"இருக்கட்டும். ஓடியா போயிருவாக?"

கால் நீட்டிய கொஞ்ச நேரத்தில் அனுசுயா தூங்கிவிட்டாள். கைப்பேசி அடித்தது. திலீபன். இரண்டு தடவை அடித்து ஓய்ந்து, மூன்றாவது தடவை அடித்தபோது ராமுத்தாயே அதை எடுத்தாள்.

"தூங்குது தம்பி. எழுப்ப மாட்டேன். அங்கன இருக்கவுகளுக்கு நீயே பதில் சொல்லிரு" என்று சொல்லிவிட்டு, அணைக்கத் தெரியாமல் கைப்பேசியை அப்படியே அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.