எஸ்தர் நர்சம்மாவும் நன்றாயிருந்த இரண்டாம் நாளும்

என் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கப் பாபநாசம் போன மருமகள் மாத்திரையோடு சேதியையும் கொண்டுவந்தாள். ஊர்ப் பேரைக் கேட்டதும் மருந்துக்கடைக்காரர், "உங்க ஊர்ல முன்னாடி இருந்த நர்சம்மா தவறிட்டாங்களே, தெரியாதா? முந்தாநாளே அடக்கம் பண்ணியாச்சு" என்றாராம். எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நான் அவர்களுக்கு உறவும் இல்லை, சபையும் இல்லை. ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர்களோடு பழகியவர்கள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று அவர்கள் மகன் பிறகு கேட்டனுப்பினார். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள்.

எங்கள் தெருவுக்கு வந்தபோது அவர்களுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. லுத்தரன் சபைக் குடும்பத்துப் பெண். துணை சுகாதார நிலையம் என்று போர்டு மாட்டிய ஓட்டுவீட்டில் ஒரு பெஞ்சும் ஒரு தகரப்பெட்டியும் இருந்தன. பெட்டியில் பிரசவச் சாமான் போக மிச்சமெல்லாம் பாராசிட்டமால் மாத்திரைதான். காய்ச்சல் என்றால் அது, தலைவலி என்றால் அது, நடவு நட்டு இடுப்பு விட்டுப்போனவளுக்கும் அதுதான். "இது காய்ச்சலை எறக்கும்ணே. காய்ச்சல் எதனால வந்துச்சோ அதை எறக்காது. மூணு நாள் தாண்டிச்சுன்னா எங்கிட்ட வராதீங்க, டாக்டர்கிட்ட போங்க" என்பார்கள். எங்களிடம் கடிகாரம் கிடையாது. ஆகவே வேளையையும் அவர்களே வகுத்துத் தந்தார்கள். காலை கும்பகோணம் பஸ் வரும்போது ஒன்று, மத்தியானம் அரவை மில்லில் சங்கு ஊதியதும் ஒன்று, பொழுது சாய்ந்தபின் ஒன்று. முடியவே இல்லை என்றால் நடுச்சாமத்தில் இன்னொன்று. "அதுக்கு மேல சாமியே வந்து கேட்டாலும் கெடையாது."

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி பெரியவர்கள் போடும் மாத்திரையைப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டி, ஒரு துண்டைத் தன் கைப்பிள்ளைக்குக் கரைத்துக் கொண்டிருந்தாள். நர்சம்மா மருந்து கரைத்த பாலாடையைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டார்கள். "பாதி ஆளுக்குப் பாதி மாத்திரைன்னு யாருடி சொன்னது? எடை பாத்துல்ல குடுக்கணும்!" பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நேரே நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் உட்கார வைத்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"நர்சம்மா, ஈரப்பதம் ஜாஸ்தியா இருக்கும்போலருக்கே, காய வச்சுக் கொண்டாங்க!"

"ஈரமெல்லாம் இப்பதான் உங்க தராசுல வுட்டிருக்கு, பாத்துத் தொடைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையோடு வந்தார்கள்.

கடைத்தெருவில் அப்போது 'செட்டு' என்று விற்பார்கள். நாலைந்து நிறத்து மாத்திரைகளைத் தாளில் மடித்துப் பொட்டலமாகத் தருவார்கள். உடம்புவலிக்கு ஒரு செட்டு என்று கேட்டால் போதும், டாக்டர் சீட்டு வேண்டாம். நர்சம்மா என் பொட்டலத்தை ஒருநாள் பிரித்து, ஒரு மாத்திரையை விரலால் தள்ளிக் காட்டினார்கள். "இது என்ன தெரியுதா? நான் குடுக்கிற அதே மருந்துதான். எங்கிட்டயும் வாங்கி, இதையும் போட்டா ரெண்டு பங்கு ஆயிடும்." நான் தலையை ஆட்டினேன். எங்களுக்கு மருந்து என்பது நிறம்தான். நிறம் வேறென்றால் மருந்து வேறு. படிக்கத் தெரியாத கண்ணுக்கு வேறு என்ன அடையாளம் இருக்கிறது?

அந்த வருஷம் சம்பா அறுப்புக்குக் கூலித் தகராறு வந்தது. ஆட்சி மாறியிருந்தது, கூலிக்குச் சட்டமும் போட்டிருந்தார்கள். பண்ணை வயலுக்கு வந்தது லாரியில் ஏற்றிய வெளியூர் ஆட்களும் தடியும்தான். வரப்பில் மறித்து நின்றவர்களில் என் மனைவியின் தம்பி முத்தையனும் ஒருவன். தோளிலும் முதுகிலும் அடி விழுந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு அடிபட்டவர்கள் பேரில் வழக்குப் பதிந்தார்கள். ஆற்றுப் பாலத்தில் போலீஸ் வேன் நின்றது. முத்தையனை என் வாழைத்தோப்புக் குடிசையில் ஒளித்து வைத்தேன்.

வலியில் அவனால் புரண்டு படுக்க முடியவில்லை. என் மனைவி தனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி நர்சம்மாவிடம் மாத்திரை வாங்கிப் போய்க் கொடுத்தாள். அவன் அம்மா கடைத்தெருவில் செட்டுச் செட்டாக வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் தஞ்சாவூரிலிருந்து மஞ்சள் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். ஒளிந்திருக்கிறவனைப் பற்றி யாரும் யாரிடமும் பேசக் கூடாது என்று நான்தான் கட்டளை போட்டிருந்தேன். அதனால் ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. அவன் மூன்றையும் விழுங்கியிருக்கிறான். அது கேட்கவில்லை என்று சாராயமும் குடித்திருக்கிறான்.

மறுநாள் காலையில் வாந்தி நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் நர்சம்மாவைக் கூட்டிப் போனேன். அவர்கள் முதலில் அவனைத் தொடவில்லை. கீழே கிடந்த தாள்களையும் உறைகளையும் பொறுக்கி, மடியில் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். "அண்ணே, மூணும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்கள். "இப்பவே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க என்ன செய்வாங்கன்னு எனக்கு முழுசாத் தெரியாது. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல, அது மட்டும் தெரியும்."

"பாலத்துல போலீஸ் நிக்குதே நர்சம்மா" என்றேன். சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். சாயங்காலம் வாந்தி குறைந்தது.

இரண்டாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். பீடி கேட்டான். நர்சம்மா மறுபடியும் வந்தார்கள். அவன் சிரித்தான். "மாமா, இந்தம்மா என்னைப் பாடையில ஏத்தாம விட மாட்டாங்கபோல."

அவர்கள் சிரிக்கவில்லை. வலதுபக்க விலாவுக்குக் கீழே அழுத்தி, "வலிக்குதா?" என்றார்கள்.

"லேசா. தடி பட்ட எடம்."

"தடி பட்டது முதுகுல." என்னைத் தோப்புக்கு வெளியே கூப்பிட்டார்கள். "அண்ணே, இந்த மருந்து மிஞ்சினா இப்படித்தான் ஏமாத்தும். மொதல் நாள் வாந்தி. ரெண்டாம் நாள் எந்திரிச்சு உக்கார வைக்கும். உள்ள ஈரல் போயிட்டிருக்கும். நான் கூட வர்றேன். போலீசு கேட்டா என் பேஷண்டுன்னு சொல்றேன். உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

முடிவு என் கையில் இருந்தது. அவன் அக்காள் என் முகத்தைப் பார்த்தாள், அவன் அம்மாவும் பார்த்தாள். நான் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: "நல்லாத்தானே இருக்கான் நர்சம்மா. இன்னும் ஒரு நாள் பாப்போம்."

மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. பேச்சு குழறியது. நாங்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்சம்மா எங்களுக்கு முன்னால் ஓடிப் பாலத்தில் அந்தப் போலீஸ் வேனுக்கு முன்னாலேயே கையை விரித்து நின்றார்கள். இறங்கிய ஏட்டு ஒரே ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்தார். "தூக்கி ஏத்துங்கய்யா, சீக்கிரம்" என்றார். யாருக்குப் பயந்து இரண்டு நாளைத் தின்றோமோ, அவர்கள் அவன் பேரைக்கூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மேலும் இரண்டு நாள் கிடந்து செத்தான்.

தெருவில் நர்சம்மா கொடுத்த மாத்திரைதான் கொன்றது என்று பேச்சு வந்தது. சிலர் வாய்க்காலில் வீசினார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய், "சரியா போட்டா இதைவிட சாதுவான மருந்து எங்கிட்ட இல்ல. அளவு தப்பினா இதைவிடப் பொல்லாதது இல்ல. குடிக்கிறவங்க முன்கூட்டியே எங்கிட்ட சொல்லிடுங்க" என்றார்கள். கடைத்தெருவில் செட்டு விற்கக் கூடாது என்று சண்டை போட்டார்கள். கடைக்காரர் சரிம்மா என்றார், மறுநாளும் விற்றார். என் மனைவி சொன்ன பொய்யைப் பற்றியும், நான் போட்ட கட்டளையைப் பற்றியும், தெருவில் ஒருவரிடமும் அவர்கள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

போன வருஷம் தஞ்சாவூரில் மகன் வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கால் வீங்கியிருந்தது. குரல் மட்டும் அதேதான். இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "நீங்க சொன்ன அன்னிக்கே கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பானா?"

"தெரியலண்ணே. மொதல் நாளே போயிருந்தா பொழைச்சிருக்கலாம். ரெண்டாம் நாள்னா... தெரியல" என்றார்கள்.

விதி என்றும், எப்படியும் போயிருப்பான் என்றும் ஊரே எனக்குச் சொல்லியிருக்கிறது. அந்த அம்மாவும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன். அவர்கள் சொல்லவில்லை. நோயாளிக்குச் சொல்வதுபோலவே எனக்கும் உள்ளதைச் சொன்னார்கள். அவர்களிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தத் 'தெரியல' ஒன்றுதான். இறக்கி வைக்க இடமில்லை. வைத்துக்கொண்டிருக்கிறேன்.